உசாத்துணை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தவர்கள், கவிதையைப் பற்றியோ நாவலைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஆய்வுக் கட்டுரையின் கடைசி இரண்டு பக்கங்களை. கட்டுரை முடிந்த பிறகு, சிறிய எழுத்தில், ஆசிரியர் பெயர், ஆண்டு, நூலின் பெயர், வெளியிட்ட இடம் என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்களே, அந்தப் பக்கங்கள். வாசகர்களிற் பலர் அந்த இடம் வந்ததும் சஞ்சிகையை மூடிவிடுவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் மூடி வந்தேன்.

இந்தப் பகுதிக்கு ஈழத்திலே நாம் ஓர் அழகான பெயரை வழங்கி வருகிறோம். உசாத்துணை என்கிறோம். உசாவுதல் என்றால் கேட்டறிதல், கலந்து ஆலோசித்தல். மனத்திலுள்ளதைச் சொல்லி ஆலோசனை கேட்கத்தக்க நெருங்கிய துணைவரை உசாத்துணை என்று குறிப்பது பழைய வழக்கு. ஒரு கட்டுரையை எழுதும்போது யார் யாரிடம் கேட்டு எழுதினோம் என்று சொல்லும் பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. பரீட்சை விடைத்தாள்களிலும் ஒப்படைகளிலும் ஆயிரம் தடவை நான் எழுதிய சொல் அது. ஆனால், அதன் பொருளை நான் உணர்ந்தது சென்ற ஆண்டு என்னுடைய கட்டுரையொன்று திரும்பி வந்தபோதுதான்.

நான் இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன். இலக்கணப் பாடம் தொடங்கியதும் பிள்ளைகள் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவதை இருபது வருடமாகக் கண்டு வருகிறேன். நமது முன்னோர் இதை எப்படிக் கற்பித்தார்கள் என்று அறியும் ஆவலில், பாடசாலைகளில் இலக்கணம் கற்பித்த முறையின் வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். வெள்ளவத்தையில் வீட்டு மேசையிலே, விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்த இரவுகளில் எழுதியது. அதை ஓர் ஆய்வுச் சஞ்சிகைக்கு அனுப்பினேன். மூன்று மாதத்தின் பின் பதில் வந்தது.

பதிலில் இரண்டு விடயங்கள் இருந்தன. முதலாவது: உசாத்துணைப் பட்டியல் சஞ்சிகையின் வடிவத்தில் இல்லை, 43 பதிவுகளில் 31 பதிவுகளைத் திருத்த வேண்டும். ஓர் இடத்தில் காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி. வேறோர் இடத்தில் ஆண்டுக்கு அடைப்புக்குறி இல்லை. நூற்பெயர் சாய்ந்த எழுத்தில் இல்லை. இரண்டாவது, மதிப்பீட்டாளர் எழுதிய ஒரேயொரு கேள்வி: "பட்டியலில் 17ஆவதாக உள்ள நூலின் ஆண்டு 1946 என்பது எவ்வாறு தெரிந்தது? நூலைக் கட்டுரையாளர் நேரிற் பார்த்தாரா?"

உண்மையைச் சொல்கிறேன். முதலாவது விடயம் எனக்கு எரிச்சலை ஊட்டியது. இரண்டாவது என்னைச் சுட்டது. ஏனென்றால் அந்த நூலை நான் பார்த்ததில்லை.

என் நண்பர் ஒருவர் நூலகவியல் கற்றவர். களனிப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர். நூலகவியலுக்கென்றே தனித் துறை அமைந்த பல்கலைக்கழகம் அது. ஒரு சனிக்கிழமை காலை கட்டுரையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி பஸ்ஸில் புறக்கோட்டை. அங்கிருந்து கண்டி வீதி பஸ். களனி கங்கையைக் கடந்து, தளுகமவில் இறங்கும்வரை, "ஒரு காற்புள்ளிக்காக மனிதனை இப்படி அலைக்கழிப்பதா?" என்று மனத்துக்குள் வழக்காடிக்கொண்டே போனேன்.

நண்பரிடமும் அதையே கேட்டேன். அவர் சிரித்தார். "காற்புள்ளியிலே என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். தபாற்காரரிடம் போய் வீட்டிலக்கத்திலே என்ன இருக்கிறது என்று கேட்பீர்களா?" என்றார். பிறகு விளக்கினார்.

மேற்கோள் காட்டும் இந்த முறைகள் எல்லாம் ஒரே நாளில் ஒருவர் வகுத்தவையல்ல. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடும் வழக்கத்தை ஹார்வர்ட் முறை என்கிறார்கள். அதன் ஆரம்பத்தை, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து விலங்கியல் அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் மார்க் 1881இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலே காண்கிறார்கள். ஓடில்லாத நத்தையொன்றின் முட்டை வளர்ச்சியைப் பற்றிய கட்டுரை அது. சிக்காகோப் பல்கலைக்கழக அச்சகத்தார் தம் அச்சுக்கோப்பாளர்களுக்காகத் தொகுத்த விதிகள் 1906இல் நூலாயின. அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் விதிகள் 1929இல் வெறும் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கி, இன்று பெரிய புத்தகமாக வளர்ந்திருக்கின்றன. மொழி, இலக்கியத் துறையினர் 1951இல் தமக்கென ஒரு விதித்தாள் வெளியிட்டார்கள். எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான். முன்பின் அறியாத ஒரு வாசகர், நாம் நின்ற அதே நூலின் அதே பக்கத்தில் வந்து நின்று, நாம் கண்டதைத் தாமும் காணவேண்டும். நமக்குப் பிடித்த முறை எதுவாகவும் இருக்கலாம். ஒரு சஞ்சிகையில் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றினால்தான் வாசகருக்கு வழி தவறாது.

நேயர்களே, 1881 என்ற ஆண்டைக் கேட்டதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அதே 1881இல்தான் நமது சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தைப் பதிப்பித்து வெளியிட்டார். அவருடைய பதிப்புரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஏடு எங்கே கிடைத்தது, யார் தந்தார், எந்த நிலையில் இருந்தது என்றெல்லாம் மனந்திறந்து எழுதுவார். தம் முடிபு எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்று வாசகருக்குக் காட்டும் நேர்மை அது.

அந்தப் பெயரைக் கொண்டே நண்பர் எனக்கு அடுத்த பாடத்தையும் நடத்தினார். "தாமோதரம்பிள்ளையை மேல்நாட்டு முறையில் பட்டியலிலே போடுங்கள் பார்ப்போம்," என்றார். மேல்நாட்டு முறையில் குடும்பப் பெயர் முதலில் வரவேண்டும். அவர்களுக்குக் கடைசியில் வருவது குடும்பப் பெயர். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. சி என்பது சிறுப்பிட்டி என்ற ஊர். வை என்பது தந்தையார் வைரவநாதபிள்ளை. உ. வே. சாமிநாதையருக்கும் அப்படியே, உத்தமதானபுரம் என்ற ஊரும், தந்தையார் வேங்கடசுப்பையரின் பெயரும் அந்த இரண்டு எழுத்துகளில் அடங்கியிருக்கின்றன. இதை அறியாதவர்கள், ஆங்கிலத்தில் 'பிள்ளை' என்ற பகுதியைத் தனியாகப் பிரித்து, அதன்கீழே தாமோதரத்தைத் தேடச் சொல்லுவார்கள். பிறகு நாட்டிலுள்ள பிள்ளைமார் எல்லோரும் ஒரே கூரையின்கீழ்! தமிழகத்தில் சிலர் தம் பெயருக்குப் பின்னால் தந்தையின் முதலெழுத்தைப் போடுகிறார்கள். கணினி அந்த ஒற்றை எழுத்தையே குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. மணமான பின் தந்தையின் முதலெழுத்தை விட்டுக் கணவரின் முதலெழுத்தைச் சேர்த்துக்கொள்ளும் பெண் எழுத்தாளர் ஒருவர், பட்டியலிலே இரண்டு பேராகிவிடுகிறார். அவருடைய உழைப்பிற் பாதி இன்னொருவர் கணக்கில்!

ஆகவே தமிழ்ப் பெயரை எழுதும்போது, அவருக்கு இட்ட பெயர் எது என்று அறிந்து அதை முதலில் வைத்து, முதலெழுத்துகளைப் பின்னால் வைப்பதே முறை. கைலாசபதி, க. என்றும் வித்தியானந்தன், சு. என்றும் எழுதுகிறோம். புனைபெயரில் எழுதியவரானால் நூலில் உள்ள பெயரையே முதலிற் கொடுத்து, இயற்பெயரை அருகிலே காட்டலாம். மஹாகவி என்று தேடுபவருக்கும் உருத்திரமூர்த்தி என்று தேடுபவருக்கும் ஒரே கதவு திறக்கவேண்டும்.

பதிப்பும் அப்படித்தான். சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பு முதலில் வந்தது 1887இல். கையில் உள்ள மறுபதிப்பின் ஆண்டை மட்டும் போட்டால், 1942இல் மறைந்த சாமிநாதையர் அதற்குப் பல ஆண்டுகள் பிறகும் இருந்து எழுதினார் என்றாகிவிடும். முதற்பதிப்பின் ஆண்டு, நான் பார்த்த பதிப்பின் ஆண்டு, இரண்டும் வேண்டும்.

களனியிலே உட்கார்ந்து இப்படி ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தோம். முன்னொரு காலத்தில், வித்தியாலங்கார வளாகமாக இருந்த அதே கல்விக்கழகத்திலே பேராசிரியர் கைலாசபதி தமிழ் கற்பித்திருக்கிறார். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்பிட்டு அவர் எழுதிய ஆய்வை 1968இல் ஒக்ஸ்போர்டில் வெளியிட்டார்கள். தமிழை அறியாத அறிஞரும் அந்த நூலை நம்பிக் கையில் எடுத்ததற்கு, ஒவ்வொரு கூற்றுக்கும் அவர் இடஞ்சுட்டி எழுதியதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

பதினேழாவது பதிவு வந்தது. நண்பர் பேனாவை வைத்துவிட்டார். "இதற்கு நான் உதவ முடியாது. நூலைப் பார்த்துவிட்டு வாருங்கள்," என்றார்.

அந்த நூல் யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு சிறிய இலக்கண வினாவிடை. என்னுடைய கட்டுரை இன்னும் அச்சேறவில்லை. ஆகையால் நூலின் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன். வயலிலும் கடலிலும் அடுக்களையிலும் பிள்ளைகள் நாளும் கேட்கும் சொற்களை எடுத்துக்காட்டாக வைத்து இலக்கணம் சொல்லும் நூல் அது. அதைப் பற்றி முன்னர் ஒருவர் எழுதிய கட்டுரையின் அடிக்குறிப்பில் 1946 என்று கண்டேன். அப்படியே பெயர்த்து எழுதினேன். அதுமட்டுமன்று. 1946 என்ற எண்ணை நம்பி, தமிழகத்தில் 1930களில் எழுந்த புதிய கற்பித்தல் முறையின் சாயலிலே இந்த நூல் எழுதப்பட்டது என்று ஒரு முடிபும் கட்டியிருந்தேன். என் கட்டுரையின் நடுத்தூணே அதுதான்.

நூலைத் தேடி நூலகங்களில் அலைந்தேன். கிடைக்கவில்லை. கொட்டாஞ்சேனையில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். எண்பத்தைந்து வயதை எட்டிய பெரியவர். அவரிடம் கேட்டுப்பாரும் என்று ஒருவர் சொல்ல, மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். நூலின் பெயரைச் சொன்னதும் அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"தம்பி, அந்தப் புத்தகத்தை நீர் கண்ணாலை கண்டனீரோ?"

"இல்லை, சேர். வேறை ஒரு கட்டுரையிலை பாத்து எழுதினது."

"அப்ப, அதை எழுதினவர் கண்டவரோ?"

"தெரியாது, சேர்."

"ஒருத்தரும் காணாத பேயைப் பற்றி ஊரெல்லாம் கதைக்கிற மாதிரியெல்லோ இருக்கு," என்றபடி எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய பை. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது நாவற்குழிப் பாலத்தைக் கடந்து அவர் கொண்டுவந்த பை அது. காணி உறுதியும், பிறப்புச் சான்றிதழ்களும், துணியில் சுற்றிய ஐந்தாறு புத்தகங்களும் அதற்குள் இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து என் கையிலே வைத்தார். கருகிய வெற்றிலை நிறத்தில் தாள். அட்டை இல்லை. முகப்புத் தாளில் ஆங்கில ஆண்டு எதுவும் இல்லை. 'விய வருஷம் ஆவணி மாதம்' என்று மாத்திரம் இருந்தது.

நேயர்களுக்குத் தெரியும், நமது தமிழ் வருடங்கள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. அறுபது முடிந்தால் மீண்டும் பிரபவ. விய என்பது அந்த வரிசையில் இருபதாவது. 1946 சித்திரையில் பிறந்தது விய வருடம்தான். ஆனால் 1886 சித்திரையில் பிறந்ததும் விய வருடமே. முன்னர் எழுதியவர் தமக்கு அண்மையில் இருந்த வியவைப் பிடித்துக்கொண்டார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியவர் முதற் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இஞ்சை பாரும். என்ரை அப்பு படிச்ச புத்தகம். இது அவரின்ரை கையெழுத்து."

மங்கிய மையிலே, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கோணல் எழுத்தில் ஒரு பெயர். அதன்கீழ் 1891 என்ற எண்.

1946இல் அச்சான புத்தகத்தில் 1891இல் ஒரு பிள்ளை கையெழுத்து வைத்திருக்க முடியாது. ஆனாலும் ஒரு குடும்பத்துப் புத்தகத்தின் மை எழுத்தை மட்டும் நம்பி ஆய்வுக் கட்டுரையில் எழுதிவிடக் கூடாது என்று களனி நண்பர் எச்சரித்தார். அவரே வழியும் சொன்னார். இலங்கையில் 1885ஆம் ஆண்டு அச்சகத்தாருக்கும் வெளியீட்டாளருக்குமாக ஒரு சட்டம் வந்தது. அதன்படி நாட்டில் அச்சாகும் நூல்களைப் பதிவுசெய்ய வேண்டும். பதிவான நூல்களின் பட்டியல் காலாண்டுக்கு ஒருமுறை அரசாங்க வர்த்தமானியோடு வெளிவந்தது. கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குப் போனேன். பாடசாலை விடுமுறையில் மூன்று நாள். மூன்றாம் நாள் பின்னேரம் 1886ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டுப் பட்டியலிலே, ஆங்கில எழுத்தில் உருமாறிய அந்த நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் அச்சகத்தின் பெயரையும் கண்டேன்.

நேயர்களே, அந்த நேரத்தில் எனக்கு மகிழ்ச்சியை விட வெட்கமே அதிகமாக இருந்தது. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலே, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத் தானாகவே ஒரு முறையைக் கண்டுபிடித்த ஆசிரியர் ஒருவரை, தமக்கு ஐம்பது ஆண்டுகளின் பின் வந்தவர்களைப் பார்த்து எழுதியவர் என்று நான் எழுதிவைத்திருந்தேன். நான் அவரைத் திட்டவில்லை, இழிவாகப் பேசவில்லை. ஓர் எண்ணைப் பிழையாக எழுதினேன், அவ்வளவுதான். அந்த ஓர் எண்ணால் ஒரு மனிதனின் உழைப்பு இன்னொருவருடையதாகி விட்டது. அதுவும் அவரைப் போலவே இலக்கணம் கற்பிக்கும் ஓர் ஆசிரியனின் கையால்.

அன்றைக்குத்தான் உசாத்துணைப் பட்டியல் என்பது ஒருவகைக் கடன் கணக்கு என்று விளங்கிற்று. வாங்கிய கடனை யாரிடம் வாங்கினோம் என்று எழுதிவைக்காவிட்டால், கொடுத்தவனுக்கு மட்டுமன்றி, பின்னால் வருகிறவனுக்கும் இழப்பு.

இது மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்ற வழக்கம் என்று எண்ணவேண்டியதில்லை. தொல்காப்பியர் சூத்திரத்துக்குச் சூத்திரம் 'என்ப' என்றும் 'மொழிப' என்றும் சொல்லிச் செல்வது, தமக்கு முன்னிருந்த புலவர்களை நினைத்துத்தானே. உரையாசிரியர்கள் தம் உரைகளிலே எத்தனையோ நூல்களிலிருந்து மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவற்றிற் பல இன்று இல்லை. வளையாபதி ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் காப்பியம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவை 72 செய்யுள்கள். அவற்றிற் பெரும்பகுதி புறத்திரட்டு என்ற தொகைநூலைத் தொகுத்தவர், இன்ன நூலிலிருந்து எடுத்தேன் என்று பெயர் குறித்து வைத்ததால் பிழைத்தவை. முத்தொள்ளாயிரமும் அப்படியே. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகமே எழுதினார். மறைந்துபோன நூல்களைப் பற்றி எப்படி எழுத முடிந்தது? யாரோ ஓர் உரையாசிரியர் நூலின் பெயரைச் சொல்லி ஓரிரு அடியை எடுத்துக்காட்டி வைத்திருந்ததால் முடிந்தது.

பெயர் சொல்லாமல் விட்ட மேற்கோள்களின் கதி என்ன? சாமிநாதையரின் பதிப்புகளைப் புரட்டினால் 'விளங்கா மேற்கோள்' என்று ஒரு பட்டியல் காணலாம். உரையாசிரியர் எடுத்தாண்ட அடி இது, எந்த நூலைச் சேர்ந்தது என்று விளங்கவில்லை என்பது அதன் கருத்து. தெரியாததைத் தெரியாது என்று பட்டியலிட்டு வைத்த அந்தப் பெருந்தகைமையை நினைத்தால், பார்க்காத நூலைப் பார்த்ததுபோல எழுதிய என் கை கூசுகிறது.

ஏடுகள் மட்டுமல்ல, அச்சுப் புத்தகங்களும் அழியும். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது நான் தொட்டிலிலே கிடந்த பிள்ளை. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று படித்திருக்கிறேன். அவற்றிற் சில வேறெங்கும் இல்லாதவை. அவற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அங்கே இருந்து படித்து எழுதியவர்கள், தம் அடிக்குறிப்புகளில் நூலின் பெயரையும் பக்கத்தையும் ஒழுங்காகக் குறித்திருந்தால், நூல் சாம்பலான பின்னும் அதன் முகவரியாவது எஞ்சும். முகவரி இருந்தால் இன்னொரு பிரதியைத் தேடலாம். எங்கோ ஒரு கொட்டாஞ்சேனை வீட்டுப் பையிலே அது இருக்கக் கூடும்.

இன்று அந்தத் தேடலுக்குத் துணை இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் படமாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறது. நூலகவியலாளர் என். செல்வராஜா 2002 முதல் 'நூல்தேட்டம்' என்ற வரிசையை வெளியிட்டு, தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக ஈழத்தவரின் நூல் விபரங்களைத் திரட்டி வருகிறார். இவர்களுடைய வேலை வெளிப்பார்வைக்குப் பட்டியல் போடும் வேலைதான். ஆனால், வீடு எரிந்த சமூகத்துக்குப் பட்டியலின் அருமை தெரியும்.

இன்னொரு விடயத்தையும் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அண்மையில் எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற மலருக்கு மாணவன் ஒருவன் கட்டுரை கொண்டுவந்தான். கடைசியில் மிக ஒழுங்கான உசாத்துணைப் பட்டியல். காற்புள்ளி, அடைப்புக்குறி, சாய்ந்த எழுத்து எல்லாம் அச்சொட்டாக இருந்தன. எனக்கு 31 பிழை, அவனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது நூல், அறிந்த ஒரு பேராசிரியர் பெயரில், அவர் ஒருபோதும் எழுதாத நூல். "இது எங்கை கிடைச்சது?" என்று கேட்டேன். "கொம்பியூட்டரிலை கேட்டனான், சேர். அதுதான் தந்தது," என்றான். அவன் பொய் சொல்ல நினைக்கவில்லை. கேட்டால் கட்டுரை எழுதித் தரும் செயற்கை அறிவு, இல்லாத நூலுக்கும் முகவரி எழுதித் தந்துவிட்டது. 2023இல் நியூயோர்க்கில் சட்டத்தரணிகள் இருவர் இப்படியே இல்லாத வழக்குத் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி, 5,000 டொலர் தண்டம் கட்ட நேர்ந்தது.

அந்த மாணவனைக் கடிந்துகொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவன் இயந்திரத்தை நம்பினான். நான் இன்னொருவருடைய அடிக்குறிப்பை நம்பினேன். இருவரும் நூலைக் காணவில்லை. பதினேழாம் பதிவின் கதையை அவனுக்குச் சொன்னேன். பிறகு இருவருமாக உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்தோம். பதினொன்றில் ஐந்து மிஞ்சியது. அந்த ஐந்தையும் அவன் கையில் எடுத்துப் படித்துவிட்டுத்தான் மலருக்குக் கொடுத்தான்.

எழுத விரும்பும் இளையவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து இரண்டொன்று சொல்லலாம். நூலைக் கையில் எடுத்த அன்றைக்கே ஆசிரியர், நூற்பெயர், பதிப்பு, ஆண்டு, இடம், பதிப்பகம், பக்கம் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிவையுங்கள். கட்டுரை முடிந்த பின் தேடினால் கிடைக்காது. தமிழ் வருடம் இருந்தால் அதையும் எழுதி, ஆங்கில ஆண்டைப் பகர அடைப்புக்குள் போடுங்கள். அது உங்கள் கணிப்பு என்று வாசகருக்குத் தெரியட்டும். நூலைப் பார்க்கவில்லை, வேறொருவர் எடுத்துக்காட்டியதைப் பார்த்தேன் என்றால், அதை அப்படியே எழுதுங்கள். அதில் அவமானம் இல்லை. மறைப்பதில்தான் இருக்கிறது.

என் கட்டுரையைத் திருத்தி அனுப்பிவிட்டேன். நடுத்தூணைப் பிடுங்கிப் புதிதாக நட வேண்டியிருந்தது. 43 பதிவுகள் 39 ஆகின. நான்கை என் கண்ணாற் காண முடியவில்லை. பதினேழாவது பதிவில் இப்போது 'விய வருஷம் ஆவணி [1886]' என்று இருக்கிறது.

அனுப்புவதற்கு முதல்நாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பெரியவரின் பெயரையும் எங்காவது சேர்க்கவேண்டும் என்ற ஆசை. சஞ்சிகையின் விதிப்படி, வாய்மொழியாகச் சொன்னவர் பெயருக்குப் பட்டியலில் இடமில்லை. கட்டுரையின் உள்ளேயோ நன்றியுரையிலோ குறிக்கலாம். அதைச் சொல்லி அனுமதி கேட்டேன்.

அவர் அந்தப் புத்தகத்தை மீண்டும் துணியிலே சுற்றிக்கொண்டிருந்தார். "என்ரை பேர் கிடக்கட்டும், தம்பி. அந்த வாத்தியாற்றை பேரைப் பிழையில்லாமல் போட்டனீரோ? முதலெழுத்தையும் பாத்துப் போடும்," என்றார்.

இருமுறை பார்த்துத்தான் போட்டேன்.